என் பேரைக் கொடுத்தது யாரு?

தஃபீலா
6 அக்டோபர் 1999

இஃப்திகார்னு கையெழுத்துப் போட்டிருக்கறவங்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்க பார்சல் வந்துச்சு. மினிபஸ் ஓட்டற அபூ நாயிஃப் மருந்துக்கடையில குடுத்துட்டுப் போயிருக்கார். மேல ஒட்டியிருந்த கடிதத்தை மட்டும் பிரிச்சுப் படிச்சேன். பெட்டியைப் பிரிக்கல. அலமாரி மேல பழைய போர்வைக்குப் பின்னால தள்ளி வெச்சிருக்கேன். உங்க பதில் வர்ற வரைக்கும் அது அங்கதான் கிடக்கும்.

என் பொண்ணு மாதிரியே உங்களுக்கும் ஒரு பையன், பதினாறு வயசு, பேரு ஹாஸிம்னு எழுதியிருக்கீங்க. உங்களை மாதிரி ஆறு அம்மாக்கள் வியாழக்கிழமை தோறும் தலைநகர் அம்மான்ல ஒரு ரூம்ல கூடறீங்களாம். ஒரு டீச்சர் வந்து இந்தப் பிள்ளைங்களுக்கு எப்படிச் சொல்லித் தரணும்னு காட்டறாங்களாம். பெட்டிக்குள்ள படம் போட்ட அட்டைங்களாம், காசு வேணாமாம். எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. கையெழுத்தும் அழகு.

எனக்கு ஒரே ஒரு கேள்வி. என் பேரை உங்களுக்குக் குடுத்தது யாரு?

என் ஆறு வயசுப் பொண்ணு ஷதாவுக்கு ஆட்டிசம்னு தெரிஞ்சவங்க அஞ்சே பேர். நான், என் வீட்டுக்காரர் ஔதா, மூத்தவ அபீர், என் மாமியார், அப்புறம் அம்மான் ஆஸ்பத்திரி டாக்டர். என் மகன் மாஜிதுக்குக்கூட அந்த வார்த்தையைச் சொல்லல. மாமியார் அந்த வார்த்தையையே ஒத்துக்கல, அதனால நாலு பேர்னே வெச்சுக்கலாம். டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கல. "இது தீராதும்மா, அடுத்தவங்களை வரச் சொல்லுங்க"ன்னார். என் முகத்தையே பார்க்காதவர் என் பேரை ஞாபகம் வெச்சிருப்பாரா?

நீங்க மருந்து விக்கறவங்களா? மதம் மாத்தறவங்களா? இல்ல, எங்க அபீரைப் பொண்ணு கேட்டிருக்கற கரக் ஊர்க்காரங்க எங்க வீட்டை விசாரிக்க அனுப்பின ஆளா? எதுவா இருந்தாலும் நேரா எழுதுங்க.

போன் பண்ணாதீங்க. போன் மாமியார் ரூம்ல இருக்கு. அதோட, வாயால சொன்னதை நாளைக்கு இல்லைன்னு சாதிச்சிடலாம். எழுதினதை முடியாது.

என்னைச் சகோதரின்னு கூப்பிட வேணாம். எனக்குக் கூடப்பிறந்தவங்க நாலு பேர் இருக்காங்க, அதுவே ஜாஸ்தி.

மாஜிதோட அம்மா,
தமாம்


அம்மான்
11 அக்டோபர் 1999

மாஜிதின் அம்மாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உங்கள் கடிதம் கிடைத்தது. கோபத்தோடு எழுதியிருந்தாலும் எழுதினீர்கள். அதற்கு நன்றி.

நான் பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியை. மருந்து விற்பதில்லை. உங்களைப் போலவே தொழுகிறவள். கரக்கில் எனக்கு ஒருவரையும் தெரியாது. அஷ்ரஃபிய்யா மேட்டில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேலே எங்களுக்கு ஓர் அறை இருக்கிறது. அங்கேதான் கூடுகிறோம். ஒருவர் அழுதால் மற்றவர் தேநீர் போடுவார். பெரிதாக அவ்வளவுதான்.

உங்கள் பெயரைத் தந்தவர் உங்கள் நலம் விரும்பும் ஒருவர். இப்போதைக்கு அதற்கு மேல் சொல்ல இயலாத நிலை. புரிந்துகொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

ஹாஸிமுக்கு ஆறு வயதாக இருந்தபோது எனக்கு யாரும் இப்படி எழுதவில்லை. உங்களுக்கு எழுதியதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. பெட்டியைத் திறந்து பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் அபூ நாயிஃபிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இஃப்திகார்


தஃபீலா
17 அக்டோபர் 1999

ஹாஸிமோட அம்மாவுக்கு,

"நலம் விரும்பும் ஒருவர்". இதைப் படிச்சதும் பெட்டியை இன்னும் ரெண்டு சாண் உள்ள தள்ளிட்டேன்.

என் நலத்தை விரும்பறவங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன். போன வருஷம் ஒருத்தர் வந்தார். என் மாமியாரோட ஊர்க்காரர், வைத்தியர். பொண்ணு பேசாததுக்குக் காரணம் பிடரியில ஒரு நரம்பு அடைச்சிருக்கு, சூடு வெச்சா திறந்துக்கும்னார். நான் ஆலிவ் பறிக்கப் போயிருந்த நேரம். திரும்பி வரும்போது ஷதா கத்தல. கத்தியிருந்தாக்கூட எனக்குத் தாங்கியிருக்கும். சுவத்தோட ஒட்டி நின்னு நெத்தியால முட்டிக்கிட்டே இருந்தா. பிடரியில மூணு வட்டம், கொட்டைப் பாக்கு அளவுக்கு. இன்னும் அந்த இடத்துல முடி முளைக்கல. அவரும் நலம் விரும்பினவர்தான், பாவம். ஒரு காசு வாங்கல.

அதனால எனக்கு மனுசங்களை நம்பறதுக்கு அவசரமில்ல.

நீங்க நெஜமாவே இப்படி ஒரு பிள்ளையோட அம்மாவான்னு நான் தெரிஞ்சுக்கணும். மூணு கேக்கறேன். உங்க பையன் என்ன சாப்பிடுவான்? அக்கம்பக்கம் உங்களை என்ன பேசறாங்க? அப்புறம், அவனுக்கு நீங்க பண்ணின எந்தக் காரியத்தை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல? அம்மாவா இருந்தா மூணாவதுக்கு ஒரு பதில் இருக்கும். இல்லாதவங்க அல்லாஹ்வையும் பொறுமையையும் பத்தி எழுதுவாங்க.

முதல்ல கேட்டதுக்கும் பதில் வரணும். மறந்துடல.

தமாம்


அம்மான்
24 அக்டோபர் 1999

தமாமுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை கிழித்து எழுதுகிறேன்.

உங்கள் பெயரும் முகவரியும் ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலிருந்து வந்தன. அங்கே முன்பதிவு மேசையில் இருக்கும் ஒரு பெண் எங்கள் ஆறு பேரில் ஒருத்தி. நீங்கள் டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்து, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, அது தெரியாமலேயே நடந்து போனதை அவள் பார்த்திருக்கிறாள். நீங்கள் போன பிறகு விலாசத்தைக் குறித்துக்கொண்டாள். செய்தது தவறு. நான் அதை வாங்கிக்கொண்டதும் தவறு. வெளியே தெரிந்தால் அவள் வேலை போகும். அதனால்தான் மறைத்தேன். இப்போது அது உங்கள் கையில், எழுத்தில் இருக்கிறது.

ஹாஸிம் வெள்ளையாக இருப்பதை மட்டும் சாப்பிடுவான். சோறு, தயிர், ஓரம் நீக்கிய ரொட்டி, பாலாடைக்கட்டி. ஒருமுறை பாலாடைக்கட்டியின் மேலட்டை நீலத்திலிருந்து பச்சைக்கு மாறியது. நான்கு நாள் பட்டினி கிடந்தான். கடைசியில் பழைய அட்டையைக் குப்பையிலிருந்து எடுத்து, கழுவி, புதியதன் மேல் சுற்றிக் கொடுத்தேன்.

பக்கத்து வீட்டார் சொல்வது: ஊர்ப் பிள்ளைகளை முட்டாள் என்று திட்டிய வாத்தியாரம்மாவுக்குக் கிடைத்த கூலி.

மூன்றாவது. அவனுக்கு ஏழு வயது. பேருந்து நிலையத்தில் கூட்டம். அன்று காலையில் என் கையைக் கடித்திருந்தான், ரத்தம் நிற்கவில்லை. நான் அவன் கையை விட்டேன். நழுவவில்லை, நானாகத்தான் விட்டேன். விட்டுவிட்டு நடந்தேன். கணக்கு டீச்சர் அல்லவா, எண்ணிக்கொண்டே நடந்தேன். பதினேழில் திரும்பி ஓடினேன். விட்ட இடத்திலேயே நின்று ஒரு பஸ்ஸின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைத் தேடவே இல்லை. தேடியிருந்தால் எனக்குத் தண்டனை கிடைத்த மாதிரி இருந்திருக்கும்.

இஃப்திகார்


தஃபீலா
9 நவம்பர் 1999

இஃப்திகார் அக்காவுக்கு,

பதினேழுன்னு எழுதியிருந்தீங்களே. பொய் சொல்றவங்க இருபதுன்னுதான் எழுதுவாங்க. அன்னிக்கே பெட்டியைப் பிரிச்சுட்டேன். பிரிச்சதும் அட்டைங்களைப் பார்க்கல, அடியில காகிதத்தைத் தூக்கி வேற எதாவது ஒளிச்சு வெச்சிருக்கான்னு பார்த்தேன். அதையும் சொல்லிடறேன்.

செருப்பை மாத்திப் போட்டது உண்மைதான். தஃபீலா வந்து இறங்கறப்போதான் எனக்கே தெரிஞ்சுது. அந்தப் பொண்ணை நான் காட்டிக் குடுக்க மாட்டேன். ஆனா நல்லது பண்ணினான்னும் சொல்ல மாட்டேன்.

ஷதா முதல் நாள் அட்டை எல்லாத்தையும் ஜன்னல் வழியா வெளிய போட்டா. மாமியார் சிரிச்சாங்க. "சீட்டாட்டம் கத்துக் குடுக்கறியா புள்ளைக்கு?"ன்னாங்க. நான் முத்தத்துல குனிஞ்சு பொறுக்கினேன். பெட்டியில நீங்க வெச்சிருந்த தாள்ல எழுதியிருந்த மாதிரி மத்ததை உள்ள வெச்சுட்டு தண்ணி படம் போட்ட அட்டையை மட்டும் குடத்துக்குப் பக்கத்துல ஒட்டினேன். இத்தனை வருஷமா அவளுக்கு எது வேணும்னாலும் என் மணிக்கட்டைப் பிடிச்சு இழுப்பா, எதுக்குன்னு நான் வீடு பூரா தேடணும். ஒன்பதாவது நாள், நான் பயறு பொறுக்கிக்கிட்டு உக்காந்திருக்கேன், வந்து அந்த அட்டையை என் மடியில வெச்சா. தண்ணி குடுத்தேன். குடிச்சா. போயி ஒட்டிட்டு, திரும்ப எடுத்துட்டு வந்தா. குடுத்தேன். இப்படி ஏழு டம்ளர். கடைசி ரெண்டைக் குடிக்கவே இல்ல. நான் எழுந்து போறேனான்னு மட்டும் பார்த்தா. யாரையும் ஒரு தடவையில நம்பறதில்ல. என் வயித்துல பொறந்தவ, வேற எப்படி இருப்பா?

உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். கரக் ஊர்க்காரங்க பொண்ணு பார்க்க வந்தப்போ பையனோட அம்மா, "உனக்குப் பிள்ளைங்க எத்தனை?"ன்னு கேட்டாங்க. அபீர், மாஜித், ரெண்டு பேர்னு சொல்லிட்டேன். உள் ரூம்ல ஷதா சத்தம் கேட்டுச்சு. என் தங்கச்சி பொண்ணு, விருந்துக்கு வந்திருக்கான்னேன். அபீர் காபித் தட்டோட நின்னுட்டிருந்தா. என்னை ஒரு பார்வை பார்த்தா. பையன் ஃபவாஸ் நல்லவன், மின்சார இலாகாவுல வேலை. தெரிஞ்சா விட்டுடுவாங்க. நான் வேற என்ன பண்ண?

25-ம் தேதி வியாழக்கிழமை ஷதாவைக் கூட்டிக்கிட்டு வர்றேன். வீட்டுல பல் வலின்னு சொல்லியிருக்கேன். உங்க ரூமும் பல் டாக்டர் மாடியிலதானே, பாதி உண்மை.

தமாம்


தஃபீலா
28 நவம்பர் 1999

இஃப்திகார் அக்கா,

நல்லபடியா வந்து சேர்ந்தோம். உங்க டீச்சர் முன்னால ஷதா பதினோரு நிமிஷம் நாற்காலியில உக்காந்தா. நான் கடிகாரத்தையே பார்த்துக்கிட்டிருந்தேன். வழியெல்லாம் எனக்குப் பாடணும் போல இருந்துச்சு, அபூ நாயிஃபுக்குப் பயந்து பாடல.

ஆனா ஒரு விஷயம் உறுத்துது. பழுப்பு ஜாக்கெட் போட்டுக்கிட்டு ஒருத்தர் கேமராவோட நின்னாரே, யாரு அவர்? யாரும் எனக்கு அறிமுகப்படுத்தல. ஷதா இருந்த பக்கம் ரெண்டு தடவை பளிச்னு வெளிச்சம் அடிச்சுது. நான் கேக்கறதுக்குள்ள நீங்க தேநீர் எடுக்க உள்ள போயிட்டீங்க. நெஜமாவே தேநீருக்குத்தான் போனீங்களா?

அந்த ஃபிலிம் எங்க இருக்கு? உடனே எழுதுங்க.

தமாம்


அம்மான்
2 டிசம்பர் 1999

அன்புள்ள தமாம்,

கவலைப்படாதே. அவர் எங்கள் அறைக்கு வாடகை கொடுக்கும் அறக்கட்டளையைச் சேர்ந்தவர். வருடத்துக்கு ஒருமுறை கோப்புக்காகப் படம் எடுப்பார்கள். யார் முகமும் தெரியாது. ஷதா மறுபடி எப்போது வருவாள் என்று டீச்சர் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

என்னை நம்பு.

இஃப்திகார்


தஃபீலா
12 ஜனவரி 2000

இஃப்திகாருக்கு,

நம்புன்னு எழுதினே. அந்தக் கடிதத்தை எடுத்து முன்னால வெச்சுக்கிட்டுத்தான் எழுதறேன். எழுதினதை இல்லைன்னு சொல்ல முடியாது, ஞாபகம் இருக்கா?

தஃபீலா சுகாதார நிலையத்துச் சுவத்துல புது வருஷக் காலண்டர். ஜனவரி மாசம், என் ஷதா. முழு முகம். கீழ பெரிய எழுத்துல "உங்கள் உதவியால் ஒரு குழந்தை புன்னகைக்கிறது". அவ புன்னகைக்கல. உன் ஆளு அடிச்ச வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினா. அதுகூடத் தெரியாதா உங்களுக்கு? ரத்த அழுத்தம் பார்க்கப் போன என் மாமியார்தான் முதல்ல பார்த்தாங்க. வீட்டுக்கு வந்து படுத்துட்டாங்க.

என் வீட்டுக்காரர் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்: "பல் வலின்னியே?" அப்புறம் பாஸ்பேட் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனவர் ஏழு நாள் கழிச்சு, பெருநாளைக்குத்தான் வீட்டுக்கு வந்தார்.

பெருநாள் மூணாம் நாள் ஃபவாஸோட அம்மா கரக்லேர்ந்து தனியா வந்தாங்க. காபி குடுத்தேன். வாங்கிக் கீழ வெச்சாங்க, குடிக்கல. "ஒண்ணு கேக்க வந்திருக்கேன், கிடைச்சாத்தான் குடிப்பேன்"னாங்க. கைப்பையிலேர்ந்து அந்தத் தாளை எடுத்தாங்க. கரக் சுகாதார நிலையத்துலயும் மாட்டியிருக்கீங்க போல.

"இது உன் தங்கச்சி பொண்ணுதானே?"

நான் அந்தத் தாளைக் கவிழ்த்து வெச்சேன்.

"தமாம், நான் சண்டைக்கு வரல. எனக்குக் கல்யாணம் பண்ணி வைக்க இன்னும் மூணு பிள்ளைங்க இருக்காங்க. எங்க வார்த்தையைத் திருப்பிக் குடுத்துடு. நீங்கதான் வேண்டாம்னுட்டீங்கன்னு ஊர்ல சொல்லிக்கோ, நான் மறுக்க மாட்டேன்."

"முன்னாடியே சொல்லியிருந்தா?"ன்னு கேட்டேன்.

"முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டாவது தடவை வந்திருக்க மாட்டேன்"னாங்க. பொய் சொல்லாத பொம்பளை.

சரின்னேன். ஆறிப்போன காபியைக் குடிச்சுட்டுக் கிளம்பினாங்க. அபீர் கதவுக்குப் பின்னால நின்னு எல்லாத்தையும் கேட்டிருக்கா. அழுவான்னு நினைச்சேன். அழல. "நீ அவங்ககிட்டப் பொய் சொன்னது போகட்டும். அதைச் சொல்லலாமான்னு என்கிட்டக் கேட்டியா? எனக்காக ஷதாவை மறைக்கணும்னு நான் சொன்னேனா?" அவ்வளவுதான். பாத்திரம் கழுவப் போயிட்டா. அதுலேர்ந்து என்கிட்டப் பேசல.

உன்கிட்டக் கேக்க எனக்கு ஒண்ணு இருக்கு. டிசம்பர் ரெண்டாம் தேதி நீ எழுதறப்போ உனக்குத் தெரியுமா, தெரியாதா?

அட்டைங்களை அபூ நாயிஃப்கிட்ட அனுப்பியிருப்பேன். ஷதா தண்ணி அட்டையைக் கையை விட்டு விடல. அதனால அனுப்பல. வேற அர்த்தம் எடுத்துக்காதே.

தமாம்


அம்மான்
16 ஜனவரி 2000

தமாம்,

தெரியும்.

அந்த மனிதர் அன்று காலையிலேயே என்னிடம் ஒரு தாளை நீட்டினார், பிள்ளைகளின் முகத்தைப் பயன்படுத்தலாம் என்று. கையெழுத்துப் போடாவிட்டால் பிப்ரவரியிலிருந்து வாடகை இல்லை. மற்ற ஐந்து தாய்மாரும் ஏற்கெனவே சம்மதித்தவர்கள். நீ புதியவள். உன்னைக் கேட்டால் எழுந்து போய்விடுவாய் என்று நினைத்தேன். அதனால் கேட்காமல் போட்டேன். பிறகு தேநீர் எடுக்கப் போனேன். நீ கேட்டது சரிதான், தேநீருக்காகப் போகவில்லை.

நீ எழுதிக் கேட்டபோதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் ஷதாவை மறுபடி அழைத்து வரமாட்டாய் என்று பயந்தேன். அவளுக்காகப் பயந்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போனேன். அனுப்பாமல் இருந்த காலண்டர்களைக் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். பிறகு தெற்கே பஸ் ஏறினேன். கரக்கில் ஒன்றைக் கழற்றினேன், ஜனவரித் தாள் ஏற்கெனவே கிழிக்கப்பட்டிருந்தது. தஃபீலாவில் ஆணி மட்டும்தான் இருந்தது. மருந்துக்கடை வரை வந்தேன். எந்தத் தெரு என்று தெரியும். கதவைத் தட்ட முகமில்லாமல் திரும்பிவிட்டேன்.

அவர்களுடைய பணம் வேண்டாம் என்று நேற்று எழுதிக் கொடுத்துவிட்டோம். அறை போயிற்று. இனி என் வீட்டில் கூடுவோம். ஒரு தாய் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள், என் மேல் அவளுக்கும் இப்போது சந்தேகம்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ பதில் சொல்லவேண்டி வரும்.

இஃப்திகார்


தஃபீலா
20 பிப்ரவரி 2000

இஃப்திகாருக்கு,

இனிமே எழுதக் கூடாதுன்னுதான் இருந்தேன். இது எனக்காக இல்ல, அபீருக்காக.

முதல்ல ஆணி விஷயம். காலண்டரைக் கழட்டினது என் வீட்டுக்காரர். சுரங்கத்துக்குப் போற வழியில வேலை உடுப்போட உள்ள போயி, யார்கிட்டயும் எதுவும் கேக்காம கழட்டியிருக்கார். கிழிச்சு எறிஞ்சிருப்பார்னு நினைச்சேன். போன வாரம் சட்டை துவைக்கறப்போ உள்பையில இருந்துச்சு. முகம் மட்டும் வர்ற மாதிரி கத்தரிச்சு, பிளாஸ்டிக் உறையில போட்டு. நான் இருந்த இடத்துலயே திருப்பி வெச்சுட்டேன்.

அபீர் பேச ஆரம்பிச்சுட்டா. பேசின முதல் வார்த்தை, "நான் அந்த டீச்சர்கிட்டக் கத்துக்கப் போறேன்". தஃபீலாவுல சொல்லிக் குடுக்க யாரும் இல்ல, ஒவ்வொரு வாரமும் ஷதாவைத் தூக்கிக்கிட்டு அவ்வளவு தூரம் ஓட முடியாது, நான் கத்துக்கிட்டு வந்துடறேங்கறா. மூணு மாசம். அப்பாகிட்ட அவளே கேட்டுட்டா. "உங்கம்மா சரின்னா சரி"ன்னுட்டார். இப்போ எல்லாரும் என்னையே பார்க்கறாங்க.

உன் வீட்டைத் தவிர அவ தங்க வேற இடம் இல்ல. அதனால கேக்கறேன். வீட்டுல ஆம்பளை யாரு? உன் புருஷன் துபாய்ல இருக்கார்னு ரூம்ல எல்லாரும் சொன்னாங்க. எப்ப வருவார்? வந்தா அபீர் எங்க இருப்பா? ஹாஸிம் எந்த ரூம்ல படுக்கறான்? அவ ரூம் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கா? கேமராக்காரன் உன் வீட்டு வாசலை மிதிப்பானா? வீட்டுச் சாவி யார் யார்கிட்ட இருக்கு?

மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே. உன்னைப் பத்தி மோசமானது எனக்குத் தெரியும். மத்தவங்களைப் பத்தி அதுவும் தெரியாது. அதனாலதான் உன்னைக் கேக்கறேன்.

தமாம்


அம்மான்
25 பிப்ரவரி 2000

தமாமுக்கு,

கேட்ட வரிசையிலேயே எழுத முயன்றேன். முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டேன்.

வீட்டில் ஆண் யாரும் இல்லை. என் கணவர் துபாயில் இல்லை. ஸர்காவில் இருக்கிறார், இங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். வேறு மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். நன்றாகப் பேசுகிற பிள்ளைகளாம். ஒன்பது வருடமாக இங்கே வரவில்லை. துபாய் என்பது நான் கட்டிய கதை. பள்ளியில் சொன்னேன், பிறகு அறையில் சொன்னேன். தாய்மார் ஆறு பேரும் ஒருவருக்கொருவர் எதையும் மறைக்கக் கூடாது என்று விதி போட்டவளும் நான்தான்.

ஹாஸிம் முன் அறையில், ஜன்னலுக்குக் கீழே படுப்பான். அதைத் தவிர வேறு இடத்தில் படுக்கமாட்டான். அபீருக்கு உள்ளறை. தாழ்ப்பாள் இல்லாமல் இருந்தது, நேற்றுப் போட்டுவிட்டேன். சாவி என்னிடம் ஒன்று, கீழ்வீட்டுக் கிழவியிடம் ஒன்று. கிழவியிடம் இருப்பதை வாங்கி அபீரிடம் தந்துவிடுகிறேன். கேமரா என் வாசலுக்கு வராது.

அபீர் ஞாயிறு காலை கிளம்பினால் நான் பஸ் நிலையத்தில் நிற்பேன். ஹாஸிமும் வருவான், அவன் சக்கரங்களைப் பார்க்க வேண்டும். இப்போதெல்லாம் நான் அவன் கையை விடுவதில்லை, அவன்தான் விடச்சொல்லி உதறுகிறான்.

இஃப்திகார்


தஃபீலா
2 ஜூன் 2000

இஃப்திகார் அக்காவுக்கு,

நேத்து வியாழக்கிழமை. அபீரோட முதல் வகுப்பு, எங்க முன் ரூம்ல. ஔதா சுரங்கத்துலேர்ந்து பழைய மேசை ஒண்ணை லாரியில ஏத்திட்டு வந்து, காலை அறுத்துப் பிள்ளைங்க உயரத்துக்கு ஆக்கிக் குடுத்தார். எதுக்குன்னு கேக்கல, அளவு மட்டும் கேட்டார்.

நாங்க யார் பேரையும் யார்கிட்டயும் வாங்கல. அபீர் பிடிவாதமா சொல்லிட்டா. முந்தின வாரம் நான் ஷதாவைக் கையில பிடிச்சுக்கிட்டுக் கடைவீதி முழுக்க நடந்தேன். ரொட்டிக்கடை, மருந்துக்கடை, பள்ளிவாசல் வழியா. அவ காதைப் பொத்திக்கிட்டு ஊளையிட்டா, நான் நிக்கல. யாராவது கேட்டா, "என் சின்னப் பொண்ணு, வியாழக்கிழமை நாலு மணிக்கு எங்க வீட்டுல இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு அபீர் சொல்லிக் குடுக்கறா"ன்னேன். அவ்வளவுதான்.

நாலு மணி ஆச்சு. யாரும் வரல. நாலே கால். அபீர் அட்டைங்களை அடுக்கி அடுக்கிக் கலைக்கறா. "விடும்மா, ஷதா ஒருத்தி இருக்காளே"ங்கறா, முகம் சிறுத்துப் போச்சு.

அப்புறம் ஒருத்தி வந்தா, சல்லடை கடன் கேக்க. நாலு தெரு தாண்டி சல்லடைக்கு! உள்ள எட்டிப் பார்த்துக்கிட்டே இருந்தா. உக்காருன்னேன், உக்காந்தா. இன்னொருத்தி ஒரு பையனோட வந்தா, பக்கத்து வீட்டுப் பிள்ளையாம், பார்த்துக்கச் சொன்னாங்களாம். மூக்கும் முழியும் அவளையே உரிச்சு வெச்சிருக்கான். உக்கார இடம் காட்டினேன். அபீர் அந்தப் பையன் முன்னால தரையில உக்காந்து, அவன் உருட்டற மூடியையே அவ பக்கமும் உருட்டினா. அஞ்சாவது தடவை அவன் திருப்பி உருட்டினான். "பக்கத்து வீட்டுக்காரி" முக்காட்டால வாயைப் பொத்திக்கிட்டு அழுதா.

ரெண்டு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கல. யாரு போயி யார்கிட்டச் சொல்வாளோன்னு பயம். எனக்கு அது நல்லாவே புரிஞ்சுது. சந்தேகப்படட்டும், அவங்க பிள்ளைங்களுக்காகத்தானே படறாங்க. தேநீர் மட்டும் ஊத்தினேன்.

அப்போ முத்தத்துல ஒரு ஆளு. அம்பது வயசு இருக்கும், கையில ஸ்பேனர். "குழாய் ஒழுகுதுன்னு சொன்னாங்க, பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்"னார். எங்க குழாய் ஒழுகல. நான் யாரையும் கூப்பிடவும் இல்ல. ஔதாவைப் பார்த்தேன். அவர் ஒரு ஸ்டூலை எடுத்துக் குழாய்க்குப் பக்கத்துல, முன் ரூம் ஜன்னலுக்கு நேர் கீழ போட்டுட்டு உள்ள போயிட்டார்.

அந்த ஆளு ஒன்றரை மணி நேரம் அந்தக் குழாய்கிட்ட உக்காந்திருந்தார். ஸ்பேனர் சத்தமே கேக்கல. உள்ள அபீர் சத்தமா, மெதுவா, ஒவ்வொண்ணா விளக்கிக்கிட்டிருந்தா. வழக்கமா அவ அவ்வளவு சத்தமாப் பேச மாட்டா. எல்லாரும் போனப்புறம் அவரும் எழுந்தார். என்னைப் பார்க்காம, கதவைப் பார்த்துக் கேட்டார்:

"அடுத்த வியாழக்கிழமையும் ஒழுகுமாம்மா?"

"ஒழுகும் அண்ணே, வாங்க"ன்னேன்.

அவர் போனதும் கை கழுவலாம்னு போனேன் அக்கா. குழாயைத் திருகறேன், நிக்க மாட்டேங்குது. உள்ள இருந்த வாஷரைக் கழட்டி எடுத்துட்டுப் போயிட்டார்.

தமாம்